மெயின் பாராசூட்டுக்கும் ஓர் ஏடு வேண்டும்: வான்குதிப்பு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வான்குதிப்பு மைய நிர்வாகிகளுக்கும், பயிற்றுநர்களுக்கும், ரிக்கர்களுக்கும், மடிப்புக் கூடத்தில் பணியாற்றும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

குதிப்பவரின் முதுகில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கின்றன: வழக்கமாக விரிக்கும் மெயின், அது தவறினால் விரிக்கும் ரிசர்வ். அவற்றுள் ரிசர்வ் பெரும்பாலும் விரிக்கப்படாமலே காலம் கழிப்பது. ஆயினும் அதற்கென்று ஒரு காலக்கெடுவும், பாராசூட்டுகளைச் சோதித்து மடிக்கத் தகுதி பெற்ற ரிக்கரின் கையொப்பமும், முத்திரையும், பதிவு அட்டையும் உண்டு. அதை மறுபடி சோதித்து மடிக்க வேண்டிய இடைவெளி அமெரிக்காவில் 120 நாளாக இருந்து 2008-ஆம் ஆண்டின் இறுதியில் 180 நாளாக நீட்டிக்கப்பட்டது. வேறு சில நாடுகளில் அது ஓராண்டு. கெடு எதுவாயினும், அது கடந்துவிட்ட ரிசர்வுடன் எவரையும் விமானத்தில் ஏற்ற நீங்கள் சம்மதிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு குதிப்பிலும் விரிந்து, தேய்ந்து, புழுதியில் இழுபட்டு, அவசரமாக மடிக்கப்படுகிற மெயின் பாராசூட்டின் கயிறுகள் எத்தனை குதிப்பு கண்டவை, கடைசியாக எப்போது அளக்கப்பட்டன, சென்ற வாரம் அது எப்படி விரிந்தது என்று கேட்டால், பல மையங்களில் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. அந்தப் பதிலை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

பாராசூட் விரிவதைப் பற்றி நாம் பேசும் விதத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. முரட்டுத்தனமாக விரிந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவரிடம், சில சமயம் அப்படித்தான் அடிக்கும் என்று ஆறுதல் கூறி, அதே குடையை அடுத்த சுற்றுக்கு மடித்துவிடுகிறோம். காற்றுக்கும், விரிக்கும்போது உடல் இருக்கும் நிலைக்கும் இதில் பங்கு உண்டு என்பது உண்மைதான். எந்தக் குடையும் நூறு முறையும் ஒரே மாதிரி விரிவதில்லை. என்றாலும் பெரும்பாலான முரட்டு விரிவுகளுக்குத் துணியிலோ, கயிற்றிலோ, மடிப்பிலோ, குதிப்பவரின் வேகத்திலோ தேடினால் அகப்படக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. தேடுவதற்கு முன்பே குடையை மடித்துவிட்டால் அந்தத் தடயமும் அதனுடன் சேர்ந்து மறைகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டும். வயிறு தரையை நோக்க விழும் ஒருவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 55 மீட்டர். குடை அவரை மூன்று வினாடிகளில் வினாடிக்கு 10 மீட்டருக்குக் கொண்டுவந்தால், உடல் தாங்க வேண்டிய சராசரி வேகத்தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தின் ஒன்றரை மடங்கு. அதே வேகக் குறைப்பு அரை வினாடியில் நிகழ்ந்தால் அது ஒன்பது மடங்கைத் தாண்டுகிறது. சராசரியே இதுவென்றால் உச்சம் இன்னும் அதிகம். கழுத்தெலும்பு முறிவும், பெருந்தமனிக் கிழிவும், மரணமும் இத்தகைய விரிவுகளில் நேர்ந்திருக்கின்றன. தலைகீழாகவோ நின்றபடியோ பறப்பவர்கள் மணிக்கு 270 கிலோமீட்டரை எளிதில் எட்டுகிறார்கள். காற்றின் விசை வேகத்தின் இருமடியாக உயர்வதால், அந்த வேகத்தில் தவறி விரியும் குடை, வழக்கமான வேகத்தில் விரிவதைக் காட்டிலும் ஏறத்தாழ 1.8 மடங்கு விசையை எதிர்கொள்கிறது.

இந்த விசையை நேரத்தின் மேல் பரப்பிக் கொடுப்பது ஸ்லைடர் என்னும் ஒரு செவ்வகத் துணித்துண்டு; குடையின் கயிறுகள் அதன் மூலை வளையங்கள் வழியே செல்கின்றன. டொமினா ஜால்பர்ட்டின் காற்றறைச் சிறகு 1966-இல் காப்புரிமை பெற்ற பிறகு, அந்த வகையில் வந்த தொடக்ககாலக் குடைகள் மிகக் கொடூரமாக விரிந்தன. கயிறும் வளையமும் கொண்டு அவற்றை அடக்கும் ஏற்பாடுகள் பலவற்றை முயன்று பார்த்த பின்னரே ஸ்லைடர் நிலைபெற்றது. குடை பக்கவாட்டில் விரிய முயலும்போது ஸ்லைடர் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. எதிர்வரும் காற்று அதை மேலேயே பிடித்துவைக்கப் பார்க்கிறது. இந்த இழுபறி நீடிக்கும் அளவுக்கு விரிவு மென்மையாகிறது. கயிறுகள் முழுதும் நீளும் தருணத்தில் ஸ்லைடர் தன் உச்சியிடத்தில் இல்லாமல் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தாலும், இழுபறி தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறது. கயிறுகள், ரப்பர் பேண்டுகள், மடிப்பு என்று கீழே நான் எழுதுபவற்றில் பலவும் கடைசியில் அந்தத் துணித்துண்டு அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியில்தான் வந்து முடிகின்றன.

கயிறுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நாம் மிகக் குறைவாகக் கவனிப்பது அவற்றைத்தான். ஸ்பெக்ட்ரா கயிறு மெல்லியது, வலுவானது, கைக்கு வழுவழுப்பானது. ஆனால் அது பாலிஎத்திலீன் இழை. ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு முன்பே உருகத் தொடங்குவது. ஸ்லைடரின் உலோக வளையங்கள் ஒவ்வொரு விரிவிலும் கயிறுகளை உரசிக்கொண்டு வேகமாக இறங்குகையில் எழும் வெப்பத்தால் அது சிறுகச்சிறுகச் சுருங்குகிறது. சுருக்கம் எல்லாக் கயிறுகளிலும் சமமாக இருப்பதில்லை என்பதே இதில் கவலைக்குரியது. வளையங்களின் உரசலை அதிகம் வாங்குகிற ஓரக் கயிறுகளும், குடையைத் திருப்பவும் வேகம் தணிக்கவும் இழுக்கிற பிரேக் கயிறுகளும் கூடுதலாகச் சுருங்க, நடுக் கயிறுகள் ஏறத்தாழ அதே நீளத்தில் நிற்க, வடிவமைப்பாளர் வரைந்த சிறகு மெல்ல வேறொரு சிறகாக மாறுகிறது. நேராக விரிந்துகொண்டிருந்த குடை ஒரு பக்கம் திரும்பத் தொடங்கும், விரிவு விறைப்பாகும், பிரேக் கயிறுகளை முழுதும் விட்ட பிறகும் வால்பகுதி சற்றே இழுபட்டு நிற்கும். இவை ஒரே நாளில் நேராததால் அந்தக் குடையில் தினமும் குதிப்பவருக்கு மாற்றம் புலப்படுவதில்லை. புதிதாக வாடகைக்கு எடுத்தவருக்கோ, எது இயல்பு என்றே தெரியாது.

வெக்ட்ரானும் ஹெச்எம்ஏ என்னும் அராமிட் கயிறும் சுருங்குவதில்லை. அதனால் அவை கவலையற்றவை என்று புதியவர்களிடம் விற்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வெக்ட்ரானின் மேற்பரப்பு பஞ்சுபோலப் பிரிந்து தன் தேய்வைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். ஹெச்எம்ஏ பெரிதாக அறிகுறி எதுவும் காட்டாமலே அறுந்துவிடக்கூடியது. ஆகவே இவற்றுக்குக் கண்பார்வையை மட்டும் நம்பாமல், தயாரிப்பாளர் குறித்த குதிப்பு எண்ணிக்கை வந்ததும் முழுத் தொகுதியையும் மாற்றிவிட வேண்டும். அந்த எண்ணிக்கையை எவரும் குறித்துவைக்காத ஒரு வாடகைக் குடையில் இந்த அறிவுரைக்கு என்ன பொருள் இருக்க முடியும்? டேக்ரான் கயிறு பருமனானது, மடித்தால் இடத்தை அடைப்பது, வேகப் பிரியர்கள் ஏளனமாகப் பார்ப்பது. ஆனால் அது இழுபடும் இயல்புடையது. அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. பயிற்சிக் குடைகளுக்கும், பழைய காயம் உள்ளவர்களுக்கும், தலையில் கேமரா சுமப்பவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்க எவரும் கூச்சப்படத் தேவையில்லை.

அளப்பது கடினமான வேலை அன்று. ஒவ்வொரு குடைக்கும் தயாரிப்பாளர் தரும் கயிற்றளவு அட்டவணை இருக்கிறது. ஒரே அளவு இழுவிசையில் கயிறுகளைப் பிடித்து அட்டவணையோடும், இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடும் ஒப்பிட்டால் போதும். அப்போதே ஸ்லைடரின் நான்கு உலோக வளையங்களின் உள்விளிம்பிலும் சிறிது பஞ்சைச் சுற்றித் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சு சிக்கும் இடத்தில் கயிறும் அறுபடும். பிரேக் கயிறுகளில் ஏறிய முறுக்கைப் பிரித்துவிடலாம். பிரேக்கை இழுக்கும் கைப்பிடியான டாகிளைப் பிடித்துவைக்கும் வெல்க்ரோவோ செருகுநாவோ தளர்ந்திருந்தால் மாற்றிவிடலாம். விரியும்போது ஒரு பக்க பிரேக் மட்டும் விடுபட்டுக் குடை சுழலத் தொடங்குவதற்குப் பல வேளைகளில் இந்தச் சிறு தளர்வே காரணம். சிறகு சிறிதாக இருக்க இருக்க அந்தச் சுழற்சி வேகமாகும்.

மடிப்புக் கூடத்துக்கு வருகிறேன். அங்கே வேலை செய்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மடிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒருவரிடம், விமானம் எஞ்சினை இயக்கிக்கொண்டு காத்திருக்கும்போது, பொறுமையை எதிர்பார்க்கும் ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது. கயிற்று மடிப்புகளைப் பிடித்துவைக்கும் ரப்பர் பேண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மடிப்பையும் உருவி எடுக்க ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ இழுவிசை தேவைப்பட வேண்டும். நைந்துபோன பேண்டிலிருந்தும், மெல்லிய கயிற்றுக்குப் பொருந்தாத பெரிய பேண்டிலிருந்தும் கயிறுகள் ஒரே குவியலாகக் கொட்டும். கயிறுகள் நீள்வதற்குள் குடை, தான் மடித்துவைக்கப்பட்ட விரிப்புப் பையிலிருந்து வெளியேறிவிடும். ஸ்லைடர் இடம் நழுவும். விளைவு மேலே போட்ட அரை வினாடிக் கணக்கு. மிக இறுக்கமாக இரட்டிப்பாகச் சுற்றப்பட்ட பேண்டு இதற்கு மறுகோடி: அது கயிற்றை விடாமல் பிடித்து, பை திறக்காமலே போகச் செய்யலாம். அற்ப விலையுள்ள இந்தப் பொருளை மாற்றுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கக் கூடாது. தேய்ந்த பேண்டையோ இழை பிரிந்த மூடுகண்ணியையோ காண்கிற மடிப்பாளர், இதை நான் மடிக்க மாட்டேன் என்று கூறும்போது, அவருடைய கூலி குறையாது என்றும், விமானம் ஒருவர் குறைவாகப் புறப்படும் என்றும் நிர்வாகிகளாகிய நீங்கள் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

மூடுகண்ணியைக் குறிப்பாகச் சொல்கிறேன். குடைகளை முதுகில் சுமக்கும் கன்டெய்னரை மூடிவைத்திருக்கும் பின்னைத் தாங்குவது அந்தச் சிறு கண்ணிதான். அது நீண்டுபோயிருந்தால் பின் தளர்ந்து, விமானத்தின் கதவோரத்திலோ, வேகமான வீழ்ச்சியின் நடுவிலோ குடை தானே வெளியேறக்கூடும். மெயினை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டை வைக்கும் மீள்துணிப் பையின் விளிம்பு இளகினாலும் இதே ஆபத்து. தலைகீழ்ப் பறத்தலுக்குக் கருவி வாடகைக்குக் கொடுக்கும் மையங்கள் இவ்விரண்டையும் ஒவ்வொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டும்.

இனி, நல்ல செய்தி போலத் தோன்றும் ஒரு தீய அறிகுறி. என் குடை இப்போதெல்லாம் மிக மென்மையாக விரிகிறது என்று ஒருவர் மகிழ்ச்சியோடு கூறினால், எங்கே தாமதமாகிறது என்று கேளுங்கள். குடை பையிலிருந்து வெளிவந்த பிறகு ஸ்லைடர் மெல்ல இறங்கும் தாமதம் ஒன்று. பைலட் சூட்டை எறிந்த பிறகு முதுகிலிருந்து எதுவும் கிளம்பாமல் நிற்கும் தாமதம் வேறு. இரண்டாவது வகை, பைலட் சூட் தேய்ந்துவிட்டதைக் காட்டலாம். மடங்கும் வகைப் பைலட் சூட்டின் நடுக்கயிறும் ஸ்பெக்ட்ராவாக இருந்தால், அதை மெயினோடு இணைக்கும் பட்டையான பிரைடிலுக்குள் உரசிச் சுருங்கும். மடிப்பாளர் அதை முறைப்படி இழுத்துத் தயார்செய்திருந்தாலும், பிரைடிலின் சிறு சாளரத்தில் நிறக்குறி சரியாகவே தெரிந்தாலும், உச்சி கீழே இழுபட்டிருப்பதால் அது முழுவதும் காற்றைப் பிடிப்பதில்லை. பழைய துணி காற்றைக் கசியவிடுவதும் சேர்ந்துகொண்டால், ஒருநாள் பைலட் சூட் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும், மெயின் வெளிவராது. வினாடிக்கு 55 மீட்டர் விழுகிறவருக்கு அதைப் புரிந்துகொள்ளும் நேரமே உயரம்.

உயரத்தைப் பற்றிய இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். மென்மையாக விரியும் புதிய குடைகள் சில, முழுதும் விரிந்து முடிய 300 மீட்டர் உயரத்தையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்கப் பாராசூட் சங்கம் அனுபவமிக்க உரிமதாரர்களுக்கான குறைந்தபட்ச விரிப்பு உயரத்தை 2013-இல் 2000 அடியிலிருந்து 2500 அடியாக உயர்த்தியது. தானியங்கி விரிப்புக் கருவி குறுக்கிடும் உயரத்துக்கும் நாம் விரிக்கும் உயரத்துக்கும் இடையில் இடம் வேண்டும் என்பது இதன் அடிப்படை. 1991-இல் வெளிவந்த சைப்ரஸ் என்னும் தானியங்கிக் கருவியின் அனுபவசாலிகளுக்கான வகை, ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் கண்ணியை அறுத்து ரிசர்வைத் திறக்கிறது. மெதுவாக விரியும் குடையைத் தாழ்வாக விரித்தால் இரண்டு குடைகளும் ஒருசேர வெளிவரும் நிலை உண்டாகலாம். எனவே ஒருவருக்கு மென்விரிவுக் குடையை விற்பவர், கூடுதல் உயரத்தில் விரிக்கும் பழக்கத்தையும் அதோடு சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

கருவித் தேர்வில் பயிற்றுநர்களின் சொல்லுக்கு இருக்கும் எடையை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் குடை வாங்குகிறவர் சதுர அடியையும் நிறத்தையும் கேட்டு வருவார். கருவிகளோடு சேர்ந்த அவரது எடையைப் பவுண்டில் எடுத்துக் குடையின் சதுர அடியால் வகுத்தால் வரும் சிறகுச்சுமை தொடக்கத்தில் ஒன்றைத் தாண்டாதிருப்பது நல்லது என்பதை நீங்கள் சொல்லித்தான் வருகிறீர்கள். கருவிகளோடு 85 கிலோ, அதாவது ஏறத்தாழ 187 பவுண்டு எடையுள்ளவருக்கு 190 சதுர அடிக்குக் கீழே போக வேண்டாம் என்பது அதன் பொருள். ஆனால் இந்த எண் தரையிறங்குவதைப் பற்றிய பேச்சாகவே நின்றுவிடுகிறது. சுமை கூடிய நீள்வட்டக் குடைகள் விரியும்போது தோள் சற்றுச் சாய்ந்திருந்தாலே திரும்புகின்றன. கயிறு முறுக்கிக்கொண்டால் வேகமாகச் சுழல்கின்றன. அரைகுறை மடிப்பை மன்னிப்பதில்லை. அகன்ற, ஓரம் நேரான குடை அதே தவறுகளுக்குப் பிறகும் பெரும்பாலும் தலைக்கு மேல் அமைதியாக நிற்கும். மாணவர் எந்தக் குடையில் அழகாகப் பறப்பார் என்பதற்கு முன், எந்தக் குடை, விரிக்கும்போது அவர் உடலை வைத்திருக்கும் நிலையோடும் அவருடைய இன்றைய மடிப்புத் திறனோடும் ஒழுங்காக விரியும் என்று கேட்டுப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பழைய கருவி வாங்குவோருக்கு இது இன்னும் அவசியம். குடை ஒருவரிடமிருந்தும், பை இன்னொருவரிடமிருந்தும், பைலட் சூட் எங்கோ கிடந்ததுமாகச் சேர்த்துக் கட்டிய தொகுதிகளை அடிக்கடி காண்கிறோம். குடைக்குப் பெரிதான பை, எடைக்குச் சிறிதான பைலட் சூட், வேறு குடையிலிருந்து கழற்றிய ஸ்லைடர் ஆகியவை தனித்தனியே குற்றமற்றவையாக இருந்தும், சேர்ந்தால் தவறாக விரியும். விற்பனை முடிவதற்குள் ரிக்கர் ஒருவர் முழுத் தொகுதியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ரிசர்வ் துணியில் அச்சிட்டிருக்கும் எடை, வேக வரம்புகளையும் வாங்குகிறவருக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

ரிசர்வ், தானியங்கிக் கருவி, தவறாக விரிந்த மெயினைக் கழற்றிவிட 1970-களில் பில் பூத் வடிவமைத்த மூவளைய விடுவிப்பு ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவற்றை நீங்கள் ஏற்கெனவே கண்டிப்போடு பார்க்கிறீர்கள். ஒன்றை மட்டும் நினைவூட்டலாம்: மூவளையங்களை அவ்வப்போது கழற்றி, கயிறுகளைத் தோளோடு இணைக்கும் ரைசர் பட்டையைக் கையால் வளைத்து இளக்கி, விடுவிப்புக் கம்பிகளைத் துடைக்கும் பழக்கம் பலரிடம் மறைந்துவருகிறது. வெயிலில் குடையை விரித்துப்போட்டு மடிப்பதும் அவ்வாறே. நைலான் வெயிலில் வலுவிழக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; நிழல் கூரை மட்டும் எப்போதும் போதாமல் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மையத்தின் ஒவ்வொரு வாடகை மெயினுக்கும் ஓர் ஏடு திறக்கப்படட்டும். கயிற்றுத் தொகுதி பொருத்திய நாள், அதன் பின் குதிப்புகளின் எண்ணிக்கை, கடைசி அளவீடு, பைலட் சூட்டின் வயது ஆகியவை அதில் இருக்கட்டும். ஒவ்வொரு குதிப்புக்குப் பிறகும் விரிவு எப்படி இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, மடித்தவர் யார் என்று ஒரே வரியில் எழுதப்படட்டும். மடித்தவர் பெயரைக் கேட்பது பழிசுமத்துவதற்காக அன்று. ஒரே குடை பலர் கையில் மடிக்கப்பட்டும் ஒரே பக்கம் திரும்பினால் குற்றம் கயிற்றில் இருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரியும். முரட்டு விரிவு என்று எழுதப்பட்ட குடை, மறுபடி மடிக்கப்படாமல், விரிந்த நிலையிலேயே ரிக்கரிடம் போகட்டும். ஸ்லைடர் வளையம், ஸ்லைடரைத் தடுக்கும் மேல்முனைகள், கயிறு இணைப்புத் தையல்கள், பிரேக் அமைப்பு, துணியின் தையலோரங்கள் ஆகியவற்றைப் பார்த்து அவர் கையொப்பமிட்ட பிறகே அது அலமாரிக்குத் திரும்ப வேண்டும். சொந்தக் கருவி வைத்திருப்பவர்களை இதற்குக் கட்டாயப்படுத்த முடியாது. மையம் முன்னே சென்றால் அவர்களில் பலர் தாமே பின்தொடர்வார்கள் என்று நம்புகிறேன்.

கூட்டம் மிகுந்த நாளில் ஒரு வாடகைத் தொகுதியை ஒதுக்கிவைப்பது நட்டம் என்ற மறுப்பு வரும். நட்டம்தான். ஆனால் கழற்றிவிடப்பட்ட ஒரு மெயினும், அதனுடன் பறந்துபோன விரிப்புப் பையும் பைலட் சூட்டும் வயலில் கிடைக்காமல் போனால், அந்தத் தொகுதி எத்தனை வாரம் அலமாரியில் வெறுமனே தொங்குகிறது என்பதை நிர்வாகிகள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

எல்லாக் குடைகளையும் ஒரே வாரத்தில் அளக்கக் கேட்கவில்லை. மாணவர்களும் புதிதாக உரிமம் பெற்றவர்களும் அதிகம் எடுக்கிற குடைகளில் தொடங்குங்கள். தயாரிப்பாளரின் அட்டவணை, ஓர் அளவு நாடா, எதிரெதிரே நின்று கயிறுகளை இழுத்துப்பிடிக்க இரண்டு பேர் இருந்தால் போதும். மேகம் மூடி விமானம் புறப்படாமல் எல்லோரும் காத்திருக்கும் பகல் ஒன்றில் முதல் அளவீட்டை எடுத்து, ஏட்டின் முதல் வரியாக எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மையங்களில் வாடகைக் கருவியிலும் சொந்தக் கருவியிலும் குதித்துவரும் ஒருவர்